புதுப்பிப்பு: பாக்ஸிங் மேட்ச் கேட்டிருந்தேன்ல, மூணு பாத்தாச்சு

பாக்ஸிங் புதுசு, எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டிருந்தேன்ல, நீங்க சொன்னதுல மூணு முடிச்சேன். 1974 அலி-ஃபோர்மேன் நல்லாதான் இருந்துச்சு, ஆனா அலி கயித்துல சாஞ்சே எட்டாவது ரவுண்டு வரை இழுப்பாருன்னு முன்னாடியே தெரிஞ்சதால பாதி கிக் போச்சு. 1985 ஹேக்லர்-ஹேர்ன்ஸ் மூணே ரவுண்டு, ஹேக்லர் நெத்தி கிழிஞ்சு மூஞ்செல்லாம் ரத்தம், டாக்டர் பாத்துட்டு போன கொஞ்ச நேரத்துலயே ஆளை சாய்ச்சுட்டாரு மனுஷன். ஆனா 2005 கொராலஸ்-காஸ்டியோ இருக்கே, பத்தாவது ரவுண்டுல கொராலஸ் ரெண்டு தடவை விழுறாரு, மவுத்கார்டு வெளிய வந்துருச்சு, கண்ணு வீங்கி கிடக்கு, அவ்ளோதான்னு நான் போனை எடுக்குறேன், அதே ரவுண்டுல எந்திரிச்சு அவரே மேட்சை முடிச்சுட்டாரு, கத்திட்டேன்! புதுசா வர்றவங்களுக்கு இதையே முதல்ல சொல்லுங்க, ரிசல்ட்டை மட்டும் சொல்லிறாதீங்க (நான் சொல்லிட்டேன், சாரி).