கெட்டிக்காரர் கூடுதலாகக் குடிக்கினமோ?

மாங்குளத்தான்: "மூளைக்காரர்தான் கனக்கக் குடிப்பினம்" எண்டு வாட்ஸப்பில திரியிற கதை சும்மா கட்டினதில்லை. பிரித்தானியாவில 1970இல் பிறந்த பிள்ளையளுக்கு 10 வயதில மூளைத்திறன் சோதனை வைச்சு, 30 வயதில குடியைப் பற்றிக் கேட்டவை. அப்ப கூடுதல் புள்ளி எடுத்தவைதான் பிறகு கூடக் குடிச்சினம். பெண்களில இது இன்னும் தெளிவு. மதுசாரம் மனிச இனத்துக்குப் புதுசு, கெட்டிக்காரர் புதுசைத் தேடுவினம் எண்டு 2010இல் பரிணாம உளவியலாளர் சதோஷி கனசாவா விளக்கமும் குடுத்தார்.

கருப்பநீர்: விளக்கம் எனக்கு இறங்கேல்லை அண்ணை. சுண்ணாம்பு பூசாமல் முட்டியைப் பாளையில கட்டினால் விடியமுன்னம் கள்ளு. பழம் கனிஞ்சு அழுகினாலும் மதுசாரம்தான். இதில என்ன புதுசு? சுவீடனையும் பாருங்கோ: 1969-70இல் படைக்கு எடுபட்ட 49,321 இளைஞரில புள்ளி குறைஞ்சவைதான் கூடக் குடிச்சினம். ஒரே இருப்பில அளவு மீறிறதும் அவைதான்.

மாங்குளத்தான்: சுவீடனில சோதனையும் குடிக் கேள்வியும் ஒரே நேரத்தில, 18-20 வயதில. குடிச்சதால புள்ளி குறைஞ்சுதோ, புள்ளி குறைவால குடிச்சினமோ எண்டு அதில பிரிக்கேலாது. 10 வயதுப் பிள்ளைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

வவுனியா வாசகி: சரி, ஆனால் 10க்கும் 30க்கும் இடையில படிப்பு, உத்தியோகம், சம்பளம், விருந்து எல்லாம் வந்து சேருது. பெண்களைப் பற்றின முடிவை இங்க இலங்கைக்குக் கொண்டுவரவே ஏலாது. பெண்களுக்கு மது விற்கக்கூடாது எண்ட 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில எடுத்து, சில நாளிலயே திரும்பப் போட்ட நாடு இது. இங்க குடியைத் தீர்மானிக்கிறது மூளையோ, ஊர் வாயோ?

அதோட ரெண்டு பேரும் "கூட" எண்டுறியள், எவ்வளவு? 33.5 சதவீதச் சாராயம் கால் போத்தல், 180 மில்லி எண்டால்: 180 × 0.335 × 0.789 (மதுசாரத்தின்ர அடர்த்தி), கிட்டத்தட்ட 48 கிராம் மதுசாரம். 8.8 சதவீத பியர் 625 மில்லிப் போத்தல் 43 கிராம். பிரித்தானிய அலகு 8 கிராம். அங்க கிழமைக்கு 14 அலகைத் தாண்டாதேங்கோ எண்டு சொல்லியிருக்கு. ரெண்டு கால் போத்தலோட அது முடியப்போகுது.

கருப்பநீர்: அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலும் ஒண்டுமில்லை எண்டு நினைக்கவேண்டாம். பிரித்தானிய அரச ஊழியர் 550 பேரை 30 வருசம் பார்த்து 2017இல் வந்த ஆய்வில, கிழமைக்கு 14-21 அலகு குடிச்சவைக்கு நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் எண்ட மூளைப்பகுதி சுருங்கிற வாய்ப்பு, குடியாதவையை விட மூண்டு மடங்கு. கொஞ்சமாய்க் குடிச்சவைக்கும் மூளைக்கு நன்மை எதுவும் தெரியேல்லை.

மாங்குளத்தான்: அது குடி மூளையைத் தின்னுற கதை, நான் கேட்டது மறுபக்கம். சரி தங்கச்சி, கள்ளுக்கு என்ன கணக்கு?

வவுனியா வாசகி: அதுதான் வில்லங்கம். காலைக் கள்ளும் பின்னேரக் கள்ளும் ஒண்டில்லை. 5 சதவீதமெண்டு பிடிச்சால் லீற்றருக்கு 39 கிராம், ஆனால் புளிக்கப் புளிக்க ஏறும், பிறகு காடியாகும். தவறணையில "எத்தினை போத்தல்" எண்டு மட்டும் கேட்டு எழுதின கணக்கில புள்ளி விபரம் போடேலாது. நீரமானியை (அடர்த்தி அளக்கிற மிதவை) நேரே கள்ளுக்குள்ள விட்டாலும் பிழைதான். மிஞ்சின சீனி அதை மேல தூக்கி, மதுசாரத்தைக் குறைச்சுக் காட்டும். நுரை அடங்கவிட்டு, 100 மில்லியை வடிச்சு, வந்ததைத் தண்ணி விட்டுத் திரும்ப 100 மில்லியாக்கி அளக்கவேணும். எந்த நேரத்தில எடுத்த கள்ளு எண்டதையும் பக்கத்தில எழுதிவையுங்கோ.