டெஸ்டோஸ்டிரோன் 262 என்று வந்திருக்கிறது, ஊசி போடலாமா?

கச்சான் காற்று:

பெயரைப் போட முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள். பாம்பன் பக்கம், வயது 41, விசைப்படகில் டிரைவர். ஒரு வருடமாக வீட்டில் அந்த விஷயம் சரியாக இல்லை. ஆசை இல்லாமல் இல்லை, ஆனால் பாதியிலேயே தளர்ந்துவிடுகிறது, அப்புறம் அதை நினைத்தே அடுத்த முறையும் கெட்டுப்போகிறது. வீட்டுக்காரி ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. மகளுக்கு 9 வயது, இன்னொரு குழந்தை வேண்டும் என்று இரண்டு பேருக்குமே ஆசை.

போன புதன்கிழமை டோக்கன் எடுத்துக் கடலுக்குப் போய், ராத்திரி முழுக்கக் கண் முழித்து, வியாழன் காலையில் கரைக்கு வந்து, மீனை இறக்கி, கணக்கு முடித்து, நான்கு பரோட்டாவைப் போட்டுக்கொண்டு அப்படியே பஸ் ஏறி ராமநாதபுரத்தில் மதியம் 3 மணிக்கு ரத்தம் கொடுத்தேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 262 என்று வந்திருக்கிறது, பக்கத்திலேயே குறைவு என்று குறி போட்டிருக்கிறார்கள். ஜிம் வைத்திருக்கும் சொந்தக்காரப் பையன், "250 ஊசி, மூணு வாரத்துக்கு ஒண்ணு, குதிரை மாதிரி ஆயிருவீங்க மாமா" என்கிறான். படகில் கூட வரும் ஆள் ஒருவர் கடலட்டையைக் காயவைத்துப் பொடி செய்து பாலில் குடிக்கச் சொல்கிறார். டாக்டரிடம் போக வெட்கமாக இருக்கிறது, எங்கள் ஊரில் கிளினிக் வாசலில் நின்றாலே என்ன ஏது என்று நாலு பேர் கேட்பார்கள். ஊசி போடலாமா, வேண்டாமா?

லேப் தங்கச்சி:

அண்ணே, நான் லேபில்தான் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் ரத்தம் கொடுத்த கதையைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்த 262ஐ நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

இந்த ஹார்மோன் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். சாப்பிட்ட பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கும். அதனால் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில், முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து கொடுக்க வேண்டும். ஒரு தடவை குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடி எடுக்க வேண்டும். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்ற கோட்டைப் போட்டபோதே, காலையில் இரண்டு தடவை எடுத்து இரண்டும் குறைவாக இருந்து, கூடவே தொந்தரவும் இருந்தால்தான் குறைபாடு என்று சொல்ல வேண்டும் என்றார்கள். நீங்கள் ராத்தூக்கம் இல்லாமல், பரோட்டா சாப்பிட்டு, மதியம் 3 மணிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வந்த நேரத்துக்கு ஊசியைக் குத்தி அனுப்பிய லேபையும் சொல்ல வேண்டும், எப்போது தூங்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தூக்கத்தைச் சும்மா சொல்லவில்லை. 2011ல் சிகாகோவில் நல்ல ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் ராத்திரிக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள், பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களாவது 5 மணி நேரம் தூங்கினார்கள். வாரத்துக்கு மூன்று ராத்திரி வலையோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு எவ்வளவு குறையும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கேள்வி. காலையில் எழும்போது தானாக விறைப்பு வருகிறதா? வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா?

கீழக்கரை காக்கா:

தம்பி, ஊசி பக்கமே போகாதே. குழந்தை வேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய், அந்த ஊசி குழந்தை வராமல் இருப்பதற்கான மருந்து என்று யாரும் உன்னிடம் சொல்லவில்லையா?

நான் துபாயில் இருந்தபோது ஜிம்மில் ஒருத்தன் பேச்சைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் போட்டேன். உடம்பு ஏறியது, அதை மறுக்கவில்லை. லீவில் வந்து கல்யாணம் முடித்து இரண்டு வருடம் ஆகியும் ஒன்றும் இல்லை. ஊரில் எல்லோரும் என் மனைவியைத்தான் பார்த்தார்கள், அவளும் மூன்று டாக்டரிடம் போய்விட்டாள். கடைசியில் என்னுடைய விந்தைச் சோதித்தால் அணு பூச்சியம். ஒன்றுகூட இல்லை. அந்த டாக்டர் படம் போட்டு விளக்கினார்: மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் விதைக்கு வேலை சொல்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்து குவிந்தால், இருக்கிற சரக்கே போதும் என்று அது ஆர்டரை நிறுத்திவிடும். ரத்தத்தில் ஹார்மோன் நிறைய ஓடினாலும் விந்தணு தயாராக விதைக்குள்ளேயே ஊறும் ஹார்மோன் பல மடங்கு வேண்டும், அது நின்றுபோகும், விதையும் சுருங்கும். உலக சுகாதார நிறுவனமே இதை ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1990ல் வெளிவந்த அந்த ஆய்வில் ஏழு நாட்டைச் சேர்ந்த 271 பேருக்கு வாரம் 200 மில்லிகிராம் போட்டார்கள், ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு அணு பூச்சியம்.

எனக்கு நிறுத்தி 11 மாதம் கழித்துத்தான் திரும்பியது, அதற்கும் வேறு ஊசி போட வேண்டி வந்தது. இப்போது மகனுக்கு 4 வயது, அல்ஹம்துலில்லாஹ். அந்த 11 மாதத்தில் தூங்கிய ராத்திரிகளை விரல் விட்டு எண்ணலாம்.

மண்டபம் வாத்தியார்:

கடலட்டைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அதை 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், கடல்குதிரையையும் அப்படித்தான். புலியும் யானையும் இருக்கிற பட்டியல் அது. கையில் வைத்திருந்தாலே கேஸ், படகும் போகும். இதில் வேடிக்கை என்னவென்றால் நம் கடற்கரையில் யாரும் அட்டையைத் தின்று பழக்கமில்லை. காலங்காலமாக அவித்துக் காயவைத்துச் சீனாக்காரனுக்கு அனுப்பியதோடு சரி. அவன் ஆண்மைக்கு என்று வாங்குகிறான் என்ற செய்தி திரும்பி வந்து இப்போது நமக்கே மருந்தாகிவிட்டது.

இப்படி விலங்கிலிருந்து ஆண்மை தேடுவது எல்லாம் பழைய கதை. 1889ல் பாரிசில் பிரவுன் செக்கார் என்ற பெரிய மருத்துவ விஞ்ஞானி, 72 வயதில், நாய், கினிப்பன்றி விதைகளை இடித்துப் பிழிந்து தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வாலிபம் திரும்பிவிட்டது என்று அறிவித்தார். ஐரோப்பாவே அந்தச் சாற்றுக்கு அலைந்தது. டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் கரையாது, ஆகவே அந்தச் சாற்றில் சொல்லும்படி ஒன்றும் இருந்திருக்க வழியில்லை. வேலை செய்தது அவருடைய நம்பிக்கை.

அவருக்கும் 40 வருடம் முன்னால், 1849ல், பெர்டோல்ட் என்ற ஜெர்மானியர் செய்ததுதான் உருப்படியான சோதனை. சேவல் குஞ்சுகளுக்கு விதையை எடுத்தார், கொண்டை வளரவில்லை, சண்டைக்கும் போகவில்லை. எடுத்ததை அதே சேவலின் வயிற்றுக்குள் வைத்தார், பழையபடி கொண்டை சிவந்து கூவ ஆரம்பித்தது. நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் வேலை நடக்கிறது என்றால் ரத்தத்தில் ஏதோ கலந்து போகிறது என்று புரிந்துகொண்டார். சேவற்கட்டுக்காரர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும், எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தொண்டி மெடிக்கல்:

35 வருடமாக மருந்துக் கடை. ராத்திரி கடை அடைக்கிற நேரம் பார்த்து, தலைவலி மாத்திரை கேட்பது போல வந்து நிற்பவர்களை எனக்குத் தெரியும். அதனால் ஒன்று சொல்கிறேன், விறைப்பு என்பது முதலில் ரத்த ஓட்டம், ஹார்மோன் அதற்கு அப்புறம். 2010ல் ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஆய்வில், அளவும் குறைந்து அதோடு சேர்ந்த தொந்தரவுகளும் இருந்தவர்கள் 2.1 சதவீதம்தான். தொந்தரவு இருக்கிற மற்றவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கிறது. சர்க்கரை, பிரஷர், பீடி சிகரெட், சில பிரஷர் மாத்திரைகள், மனக்கவலை. ஆண்குறிக்குப் போகும் ரத்தக்குழாய் 1, 2 மில்லிமீட்டர்தான், இதயத்துக்குப் போவது 3, 4 மில்லிமீட்டர். அடைப்பு எதில் முதலில் தெரியும்? அதனால் இதை வெட்கப்பட்டு மூடி வைத்தவர்களில் சிலர் சில வருடம் கழித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சில் போவதைப் பார்த்திருக்கிறேன்.

சில்டெனாபில் மாத்திரையே நெஞ்சுவலிக்கு என்று சோதிக்கப் போய்க் கிடைத்ததுதான், 1998ல் இந்த வேலைக்கு அனுமதி வாங்கினார்கள். நல்ல மருந்து, ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து. லாட்ஜில் ரூம் போட்டு விற்கும் லேகியங்களைக் கண்டு இதனால்தான் பயப்படுகிறேன், மூலிகை என்று எழுதிய டப்பாக்களில் இதே மருந்தைக் கலந்திருப்பதைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆண்மை கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம், யார் கேட்கிறார்கள்.

கச்சான் காற்று:

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி கேட்டதற்குப் பதில்: காலையில் எப்போதாவது வருகிறது, முன்பு மாதிரி இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, கால் விரல் ஒன்று எடுத்தார்கள். இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. ஏப்ரல் 15ல் தடைக்காலம் வருகிறது, 61 நாள் கரையில்தான், அப்போது தூங்கி எழுந்து ஒழுங்காக எடுக்கிறேன்.

கச்சான் காற்று (மே மாதம்):

இரண்டு வாரம் வீட்டில் தூங்கிவிட்டுக் காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் 418. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 8.1. டாக்டர் (வெளியூரில்தான் பார்த்தேன்) ஹார்மோன் தாளை ஓரமாக வைத்துவிட்டுச் சர்க்கரைக்கு மாத்திரை எழுதினார், சிகரெட்டை விடச் சொன்னார், கண்ணும் இதயமும் பார்க்கச் சொன்னார். வீட்டுக்காரியையும் கூட்டிப் போனேன், வெளியே வந்ததும், "இதுக்கா ஒரு வருஷம் மூஞ்சிய தூக்கி வச்சிருந்தீங்க, நான் வேற என்னவோனு நெனச்சேன்" என்றாள். ஜிம் பையனிடம் பேசுவதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி, விந்துப் பரிசோதனை. தங்கச்சி, அதை வீட்டிலேயே எடுத்துப் பாம்பனிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரலாமா?

லேப் தங்கச்சி:

வேண்டாம் அண்ணே, ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் கைக்கு வந்தாக வேண்டும், பஸ்ஸில் அதற்கு மேல் ஆகும். லேபில் அதற்குத் தனி அறை இருக்கிறது, இங்கேயே கொடுங்கள். அதற்கு முன்னால் 2 நாளைக்குக் குறையாமல், 7 நாளைக்கு மேற்படாமல் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். அப்புறம், யார் சொன்னாலும் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள், உடம்புச் சூட்டில்தான் இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், போன வருடம் ஒருவர் நிஜமாகவே அப்படிக் கொண்டுவந்தார், அதுவும் அடியில் நண்டோடு.