முதலில் எது: மேசியாவை அறிவதா, அவர் பின்னே போவதா?

உப்புவெளியான்:
போன ஞாயிறு எங்கள் சபையில் யோவான் சுவிசேஷம் 21ஆம் அதிகாரத்தில் இருந்து பிரசங்கம். உயிர்த்தெழுந்த இயேசு விடியற்காலையில் கரையில் நிற்கிறார். இரவு முழுக்க வலை போட்டும் ஒன்றும் படாத சீஷர்களுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. "தெரியாமலே கீழ்ப்படிந்தார்கள், அதன் பிறகே கண்டுகொண்டார்கள்" என்றார் போதகர். எனக்கு மனம் ஒப்பவில்லை. இயேசுவை மேசியா (தேவன் அனுப்புவதாக வாக்களித்த இரட்சகர், கிரேக்கத்தில் கிறிஸ்து) என்று அறிந்து, இருதயத்தில் விசுவாசித்து, வாயால் அறிக்கையிட வேண்டும். விசுவாசிக்கவும் அறிக்கையிடவும் வேண்டும் என்றுதானே ரோமர் 10:9 சொல்கிறது? கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு, வருகிற வழியில் மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்துகிறவர்கள் நம் திருகோணமலையில் நிறைய. நல்ல சனம், பக்தியும் உண்மை. ஆனால் அது மேசியாவை அறிந்ததாகுமா?

கரைவலைக்காரன் மகன்:
அண்ணா, நான் டச்சுக்குடாப் பக்கம் வலை இழுத்த வீட்டில் வளர்ந்தவன். விடியலில் வள்ளத்தில் இருந்து கரையைப் பார்த்தால் முகம் தெரியாது. அப்பா கரையில் நின்று தண்ணீர் கறுத்து வருகிற இடத்தைப் பார்ப்பார். பிறகு தோளில் கிடக்கிற துவாயை எடுத்து அந்தப் பக்கமாக வீசிக் காட்டுவார். வீசுகிறது யாரென்று பார்த்துக்கொண்டு நின்றால் மீன் போய்விடும்.

சீஷர்கள் கரைக்கு இருநூறு முழத் தூரத்தில் இருந்தார்கள், ஏறக்குறைய 90 மீற்றர். வலது புறம் போடுங்கள் என்று ஒரு குரல். போட்டார்கள். வலை கனத்த பிறகுதான், இயேசுவுக்கு அன்பாயிருந்த சீஷன் "அவர் கர்த்தர்" என்கிறார். கண்டுகொண்டது அவர், கடலில் குதித்தது பேதுரு. மற்றவர்கள் 153 மீன் கிடந்த வலையை இழுத்துக்கொண்டு படவில் வந்தார்கள். இதில் யாரைச் சீஷன் இல்லை என்பீர்கள்?

உப்புவெளியான்:
தம்பி, நீங்கள் காட்டுகிற காட்சி வடிவானது. ஆனால் அவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள் அல்லவே. பிலிப்புச் செசரியாவின் பக்கத்தில் பேதுரு "நீர் கிறிஸ்து" என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. அந்தக் கேள்வியைக் கேட்டதும் இயேசுவேதான். யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றால் ஏன் கேட்கிறார்? யோவான் 6ஐயும் பாருங்கள். இயேசு கொடுத்த அப்பம் சாப்பிட்ட கூட்டம் கடல் கடந்து அவரைத் தேடி வந்தது. பேச்சு கடினமானதும் பலபேர் திரும்பிப் போய்விட்டார்கள். பின்னால் போனவர்கள்தான், அறியாததால் நிலைக்கவில்லை.

பாலையூற்று அக்கா:
நான் கத்தோலிக்கம், நாங்கள் மெசியா என்போம். உப்புவெளித் தம்பி பேதுருவின் அறிக்கையை எடுத்ததால் சொல்கிறேன், அது வருகிற மாற்கு 8ஐக் கொஞ்சம் முன்னால் இருந்து வாசியுங்கள். பெத்சாயிதாவில் ஒரு குருடருக்கு இயேசு இரண்டு தரம் கை வைக்கிறார். முதல் தரம் அவருக்கு மனிதர் நடக்கிற மரங்கள் போலத்தான் தெரிகிறார்கள். அடுத்ததாகத்தான் பேதுருவின் அறிக்கை. அப்புறம் மெசியா பாடுபட்டுச் சாக வேண்டும் என்றதும் அதே பேதுரு தடுக்கிறார், "சாத்தானே" என்று கடிந்துகொள்ளப்படுகிறார். சொல் சரி, மனதில் இருந்த ஆள் வேறு. அவருக்கும் பார்வை அரைவாசிதான் வந்திருந்தது.

இன்னொன்று. மெசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது அரசன் கேட்டதும் வேதம் படித்தவர்கள் பெத்லகேம் என்று உடனே சொன்னார்கள், மீகாவின் வசனத்தோடு. எருசலேமில் இருந்து பெத்லகேம் அப்படி என்ன தூரம்? நம் டவுனில் இருந்து கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போகிற மாதிரி. அவர்கள் போனதாக ஒரு வரி இல்லை. போனது கிழக்கிலிருந்து வந்த அந்நியர்.

2004 மார்கழி 26, சுனாமி வந்த நாளை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அன்று பின்னேரம் ஒரு முஸ்லிம் அம்மா ஷொப்பிங் பையில் சோறு கட்டிக்கொண்டு வந்தா. பை சூட்டில் வியர்த்திருந்தது, முடிச்சை அவிழ்க்க என் கை விடவில்லை, நடுக்கம். அவவே அவிழ்த்து என் மகளுக்கு ஊட்டினா. பசித்தவருக்குக் கொடுத்தது எனக்கே கொடுத்தது என்று இயேசு சொல்கிற மத்தேயு 25இல், நீதிமான்கள் "ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியாயிருக்கக் கண்டோம்?" என்று கேட்கிற இடம் வந்தால் எனக்கு அந்த முகம்தான்.

இன்னும் கேட்கிறவள்:
ஞானஸ்நானம் எடுத்து 11 வருடம். இப்போதும் சில இரவுகளில் "வருகிறவர் நீர்தானா?" என்றுதான் கேட்கிறேன். யோவான் ஸ்நானகன் சிறையில் இருந்து கேட்டனுப்பிய கேள்வி. இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை, கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்றார். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

உப்புவெளியான்:
அக்கா, மத்தேயு 25ஐ நான் மறுக்கவில்லை. நான் ஏன் இதில் விடாமல் நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா 40 வருடம் ஆலயத்துக்குப் போனவர். சனிக்கிழமை பின்னேரம் வாங்குகளைத் துடைப்பதும் அவர்தான். கடைசி மாதத்தில் என் கையைப் பிடித்து, "அவர் எனக்கு யாரென்று இப்பதான் தெரியுது" என்று அழுதார். அந்த 40 வருடத்தை நினைத்தால் எனக்குப் பயம். இன்னும் ஒரு மாதம் முந்திப் போயிருந்தால்? அதனால்தான் முதலில் அறியுங்கள் என்கிறேன்.

கரைவலைக்காரன் மகன்:
அண்ணா, அந்த 40 வருடமும் உங்கள் அப்பா வலையை இழுத்துக்கொண்டு வந்தவர். குதித்த பேதுருவுக்கு மட்டும் என்று இயேசு கரையில் நெருப்பு மூட்டி வைக்கவில்லை. மீனும் அப்பமும் படவில் பிந்தி வந்தவர்களுக்கும்தான்.

உப்புவெளியான்:
ரோமர் 10ஐ நான் விடமாட்டேன் தம்பி. ஆனால் வாங்கு துடைத்ததை இப்படி யோசித்துப் பார்த்ததில்லை. அம்மாவுக்கும் அந்தப் பயம் இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. இன்று இரவு போய் அவவுக்கு யோவான் 21ஐ வாசித்துக் காட்டப் போகிறேன்.