வார்டு பக்கத்தில் உடைப்பு வேலை: பினாங்கில் துகள் எண்ணும் கருவி வாடகைக்குக் கிடைக்குமா?

வணக்கம். எலும்பு மஜ்ஜை மாற்று நோயாளிகள் இருக்கும் வார்டுக்கு அடுத்த அறையில் சிலிங் உடைக்கிறார்கள். உடைப்புத் தூசியோடு பறக்கும் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து 2–3 மைக்ரான்தான். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போனவர் நுரையீரலுக்கு அந்தத் தூசியே எமன்.

தடுப்பைப் பொய்க்கூரையோடு நிறுத்தியிருக்கிறார்கள். கான்கிரீட் தளம்வரை ஏற்றாவிட்டால் தூசி மேலே சுற்றி வந்துவிடும். நோயாளி அறையில் வெளியைவிட 2.5 பாஸ்கல் கூடுதல் அழுத்தமும் மணிக்கு 12 முறை காற்று மாற்றமும் வேண்டும். மூடிய கதவின் அடியிடுக்கில் டிஷ்யூ பிடித்தால் வெளிப்பக்கம் ஆட வேண்டும். இங்கே உள்ளே இழுக்கிறது!

பட்டர்வொர்த், பாயான் லெப்பாஸ் பக்கம் துகள் எண்ணும் கருவியும், வேலையறைக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஹெப்பா (நுண்துகள் வடிகட்டி) இயந்திரமும் யாரிடம் வாடகைக்குக் கிடைக்கும்? கிளீன்ரூம் தொழிற்சாலைக்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள். இந்த வாரமே தேவை.