மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டுக்குப் பழைய கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் போதுமா?

வேப்பமரம்:
வணக்கம். பி650 சிப்செட் கொண்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் (ஏடிஎக்ஸைவிடச் சிறிய அளவு) மதர்போர்டும் ரைசன் 5 7600 பிராசஸரும் வாங்கிவிட்டேன். அடுத்து ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணம். பழைய ஏடிஎக்ஸ் கேபினட்டும், அதோடு சேர்ந்து வந்த '500 வாட்' எஸ்எம்பிஎஸ்ஸும் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) வீட்டில் இருக்கின்றன. இவற்றையே பயன்படுத்தலாமா?

திருப்புளி:
கேபினட் பொருந்தும். முழு ஏடிஎக்ஸ் போர்டு 305 x 244 மி.மீ., உங்களுடையது அதிகபட்சம் 244 x 244 மி.மீ. என்பதால் இடம் மிச்சமே இருக்கும். ஆனால் போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களில், உங்கள் போர்டில் துளை இல்லாத இடத்தில் நிற்பவற்றை முதலில் கழற்றிவிடுங்கள். அவற்றில் ஒன்று போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும். கூலரின் உயரத்தையும் கார்டின் நீளத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்டை நம்பாமல், பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வேப்பமரம்:
18 ஆம்பியர் என்று இருக்கிறது. பிராசஸருக்கான 4 பின் கேபிள் மட்டும் உண்டு, கார்டுக்கான 8 பின் கேபிள் இல்லை. மோலெக்ஸ் (பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கான 4 பின் முனை) அடாப்டர் போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர்.

திருப்புளி:
வேண்டவே வேண்டாம். 18 ஆம்பியரை 12 வோல்ட்டால் பெருக்கினால் 216 வாட்தான்; பிராசஸரும் கார்டும் இழுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மீதியை அந்தக் காலத்து வழக்கப்படி 3.3, 5 வோல்ட் கணக்கில் காட்டியிருப்பார்கள். உங்கள் பிராசஸர் முழு வேலையில் 88 வாட் வரை இழுக்கும், கார்டு 115 வாட், ஆக 203. மிஞ்சும் 13 வாட்டில் விசிறிகளும் மற்றவையும் ஓட வேண்டும், அதுவும் பழைய கெபாசிட்டர்களை நம்பி. 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்னும் மின்சிக்கனச் சான்றுள்ள, 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாத 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

மொட்டைமாடி:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எஸ்எம்பிஎஸ் கீழே அமரும் கேபினட் என்றால், பிராசஸருக்கான 8 பின் கேபிள் போர்டின் பின்புறமாகச் சுற்றி மேல் மூலை வரை வர வேண்டும், 60 செ.மீ.க்காவது நீளம் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். அது நான்கு விரற்கடை எட்டாமல், எக்ஸ்டென்ஷன் கேபிளுக்காக மறுபடி கடைக்கு அலைந்தவன் நான். மாடுலர் வகை (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டலாம்) வாங்கினால், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை அதில் செருகிவிடாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும், ஹார்ட் டிஸ்க் புகைந்துவிடும்.