செலவை எழுதி வைத்தும் மாதக் கடைசியில் இடிக்கிறது. எங்கே பிடிப்பது?

மலைக்கோட்டை_வாசி கேட்டது:

திருச்சி, வாடகை வீடு. பெரியவங்க ரெண்டு பேர், ஸ்கூல் போற பிள்ளைங்க ரெண்டு பேர். கைக்கு வர்ற சம்பளம் 38,000, வாடகை 9,000. முன்னாடி 7,500-ல முடிஞ்ச மளிகை இப்போ 10,000-ஐத் தாண்டுது. இருபதாம் தேதிக்கு மேல கிரெடிட் கார்டுதான். அதுல 18,000 பாக்கி நிக்குது. கோடையில கரண்ட் 500 யூனிட் பக்கம் வந்துடுது. எல்லாச் செலவையும் நோட்டுல எழுதுறோம், ஆனா எதைக் குறைக்கணும்னு பிடிபடல. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

கணக்குப்பிள்ளை:

நோட்டில் ரூபாய் மட்டும் இருந்தால் பிடிபடாது. விலை ஏறும் காலத்தில் அளவையும் எழுதணும்: எத்தனை கிலோ, எத்தனை லிட்டர், எத்தனை நாள் வந்தது.

உதாரணத்துக்கு, எண்ணெய்க்கு 560 ஆனது இப்போது 800 என்று வையுங்க. பழைய கணக்கு 4 லிட்டர், லிட்டர் 140. புதுக் கணக்கு 5 லிட்டர், லிட்டர் 160. ஏறிய 240-ல் விலையால் ஏறியது 80தான். மீதி 160 அந்தக் கூடுதல் ஒரு லிட்டர். விலை நம் கையில் இல்லை, அந்த ஒரு லிட்டர் இருக்கிறது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, நாலு பேருக்கு 2 லிட்டர். அதற்கு மேல் போவது பெரும்பாலும் பொரிப்பதில்தான்.

முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய், பால், சர்க்கரை, சோப்பு, கேஸ் ஏழுக்கும் அளவை மட்டும் எழுதுங்க. பாக்கெட் பிரித்த தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவிட்டால் போதும். ரெண்டாவது மாதம் எது அளவுக்கு மேல் ஓடுகிறது என்று தானே தெரியும்.

பாக்கெட் வாங்கும்போது எம்.ஆர்.பி. பக்கத்தில் கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று அச்சிட்டிருப்பார்கள். அதை வைத்து ஒப்பிடுங்க. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். அதே உயரப் பாக்கெட்டில் 850, 800 கிராமும் வருகிறது. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பதும் இல்லை.

காய், பால் பணத்தை நாலு வாரமாகப் பிரிக்காதீங்க, அஞ்சாகப் பிரிங்க. மாதம் 28 நாளோடு முடிவதில்லை. இருபதாம் தேதிக்கு மேல் கார்டு தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீட்டர்பெட்டி:

கரண்டுக்கு வர்றேன். தமிழ்நாட்டுல ரெண்டு மாசக் கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினா ரெண்டு அடி விழும். 500-க்கு மேல போற யூனிட் 8 ரூபாய்க்கு மேல. அதோட 101லிருந்து 200 வரைக்கான சலுகை விலையும் போயிடும், அதுல மட்டும் 200 ரூபாய்க்கு மேல கூடும். 499-க்கும் 501-க்கும் நடுவுல இருக்கிறது ரெண்டு யூனிட் விலை இல்ல.

ரீடிங் எடுத்த தேதியிலிருந்து முப்பதாவது நாள் மீட்டரை நீங்களே பாருங்க. 250-ஐத் தாண்டியிருந்தா மிச்ச முப்பது நாள் இறுக்கணும். கீசர் 2,000 வாட்னா கால் மணி நேரத்துக்கு அரை யூனிட். பழைய 75 வாட் ஃபேனுக்குப் பதிலா 35 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வெச்சது) போட்டா, தினம் 15 மணி நேரக் கணக்குல ரெண்டு மாசத்துக்கு 36 யூனிட் மிச்சம். ஆனா மொத்தம் 300 யூனிட்டுக்குள்ள இருக்கிற வீட்டுக்கு ஃபேன் விலை எடுக்கவே ரொம்ப நாள் ஆகும். உங்களை மாதிரி 500 விளிம்புல இருக்கிறவங்களுக்குத்தான் சீக்கிரம் கட்டுப்படியாகும். முதல்ல அதிக நேரம் ஓடுற ஒரு ஃபேனை மட்டும் மாத்துங்க.

கேஸ்: சிலிண்டர் வந்ததும் எடை போடச் சொல்லுங்க. மேல பொறிச்சிருக்கிற காலி எடையோட 14.2 கிலோ சேர்த்து வரணும். பருப்பை அரை மணி ஊற வெச்சு, முதல் விசில் வந்ததும் சிம்முக்கு மாத்துங்க. தீ மஞ்சளா எரிஞ்சா பர்னர் துளை அடைச்சிருக்கு, குத்திச் சுத்தம் பண்ணுங்க.

அஞ்சறைப்பெட்டி:

அரிசி வாங்கும் கார்டு இருந்தால் ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. விட்டுவிடாதீங்க. பருப்புச் செலவில் பெரிய குறைப்பு அங்கேதான்.

மொத்தமாக வாங்குவதாக இருந்தால் புளி, மிளகாய் ரெண்டோடு நிறுத்துங்க. புதுப்புளி மாசி, பங்குனியில் வரும். மாதம் அரைக் கிலோ என்றால் வருஷத்துக்கு 6 கிலோ. கொட்டை, நார் எடுத்து ரெண்டு நாள் காயவைத்து, பீங்கான் ஜாடியில் ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல் உப்பு என்று அமுக்கி வையுங்க. அலுமினியம், இரும்பு ஆகாது, புளிப்பு அரித்துவிடும். மிளகாய் காம்பு சடக்கென்று ஒடிந்து, குலுக்கினால் விதை சலசலக்கும் வரை காயணும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் கொட்டி மூடுவது. உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். நிழலில் நன்றாக ஆறவிட்டு மூடுங்க. பழைய இருப்பின் மேல் புதுசைக் கொட்டினால் வண்டு ஏறும்.

துவரம்பருப்பு மூணு மாதத்துக்கு மேல் வேண்டாம். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவிக் காயவைத்தால் அதுவரை தாங்கும், சமைக்கும் முன் கழுவணும். ரவை, மைதா, எண்ணெய் மாதத்துக்கு மட்டும். எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் கொட்டத்தான் வேணும்.

மலைக்கோட்டை_வாசி:

நன்றிங்க. அளவு எழுத ஆரம்பிச்சுட்டோம். கார்டு பாக்கியை என்ன பண்றது? மினிமம் கட்டிட்டுத்தான் இருக்கோம்.

கணக்குப்பிள்ளை:

மினிமம் மட்டும் கட்டிக்கொண்டே போவதைத்தான் முதலில் நிறுத்தணும். முழுத் தொகை கட்டாதவரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், மாதம் 3 சதவீதத்துக்கு மேல். 18,000-க்கு மாதம் 540-க்குக் குறையாது. கார்டை எடுத்து உள்ளே வையுங்க. வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன் வட்டி இதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வரும். அதை வாங்கிக் கார்டை ஒரே தவணையில் அடைத்துவிட்டு, நகைக்கடனுக்கு மாதம் 1,600 வீதம் அசலோடு கட்டுங்க, ஒரு வருஷத்தில் தீரும். பகுதி பகுதியாக அசல் கட்ட விடுவார்களா என்று வைக்கும் முன்பே கேளுங்க. வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் நகை திரும்பாது.