நோயாளியின் மனைவி மறைவாகக் காபி கொடுக்கிறார்: மருத்துவரிடம் சொல்வதா?

கேள்வி:
நான் பேச்சு சிகிச்சையாளராகப் பணியில் சேர்ந்து நான்கு மாதங்களே ஆகின்றன. பக்கவாதத்தால் வலக்கையும் பேச்சும் முடங்கிப்போன எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு எடுத்த வீடியோ எக்ஸ்ரேயில், நீர்மங்கள் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது தெரிந்ததால், மூக்குக்குழாய் வழியாகவே உணவு தொடர வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். நேற்று வார்டுக்குச் சென்றபோது, அவருடைய மனைவி முந்தானையால் மறைத்தபடி ஸ்பூனில் காபி புகட்டிக்கொண்டிருந்தார். "ஒரு வாய்தாம்மா, டாக்டர்கிட்ட சொல்லிடாதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவருக்கு இருமல்கூட வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1:
சொல்லியே ஆக வேண்டும். இருமல் வராததால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. தொண்டையின் உணர்வு மங்கியவர்களுக்குச் சத்தமில்லாமலே உள்ளே இறங்கும். இரவில் காய்ச்சல் வந்தால் மருத்துவருக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால், சொல்லப்போகிறீர்கள் என்பதை முதலில் அந்த அம்மாவிடமே சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் இதில் பெரியவரின் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லையே! பேச முடியாதவருக்கு முடிவெடுக்கவும் முடியாது என்று வார்டில் எல்லோரும் எண்ணிவிடுகிறார்கள். அப்படியல்ல என்று காட்டக்கூடிய பயிற்சி நமக்குத்தான் இருக்கிறது. நிலைத்துவிட்ட அஃபேசியாவை (மூளைப் பாதிப்பால் வரும் பேச்சு, மொழிக் குறைபாட்டை) ஊனமாக ஏற்கும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவர்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. ஒரு தாளில் குழாயையும் காபித் தம்ளரையும் வரைந்து, ஒவ்வொன்றாலும் என்ன நேரலாம் என்பதைச் சிறு வாக்கியங்களில் விளக்கி, இடக்கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு படங்களை இடம் மாற்றிக் கேளுங்கள், மறுநாளும் கேளுங்கள். விடை மாறாமலிருந்தால், அதைத் தேதியுடன் எழுதி மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். கெட்டிப்படுத்திய காபி பாதுகாப்பாக இறங்குகிறதா என்று மறு எக்ஸ்ரேயில் பார்க்கலாம். அதுவரை வாயைத் தினமும் நன்றாகத் துலக்கிவிட அந்த அம்மாவுக்குக் கற்றுக்கொடுங்கள், ஏனெனில் வாயிலுள்ள கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குவதும் நிமோனியாவுக்கு ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அம்மாவிடம் சொன்னபோது அழுதார். பிறகு மருத்துவரிடம் அவரே உடன் வந்தார். பெரியவர் இரண்டு நாளும் தம்ளரையே தொட்டார். திங்கட்கிழமை மறு எக்ஸ்ரே எடுக்கிறோம்.